இறங்காத ஆபரேட்டர்

ஜெயவேலுக்கு வரிசையாக ஐந்து வருடம் பொன்னாடை போர்த்தினார்கள். எதற்கு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எட்டு மணி நேரம் ஒன்றுக்குப் போகாமல் இருந்ததற்கு.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் நாங்கள் வேலை பார்த்த யார்டில் ஒரே ஒரு பெரிய கிரேன்தான். நாற்பதடி உயரத்தில் தகரப் பெட்டி மாதிரி ஒரு கேபின், அதற்கு ஏற ஐம்பத்திரண்டு படி வைத்த இரும்பு ஏணி. காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஒவைஸ் என்கிற நான். இரண்டிலிருந்து பத்து வரை ஜெயவேல். ஆபரேட்டர் இறங்கினால் கிரேன் நிற்கும், கிரேன் நின்றால் லாரிகள் நிற்கும், லாரிகள் நின்றால் சூப்பர்வைசர் அசோகனுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிடும். அதனால் ஆயுத பூஜை அன்று கொக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்த கையோடு, அந்த வருடம் மிகக் குறைவாக இறங்கிய ஆபரேட்டருக்கு ஒரு பொன்னாடை. மொத்தமே இரண்டு ஆபரேட்டர்கள் இருக்கிற இடத்தில் இப்படி ஒரு பரிசு! கீழே நிற்கிற லோடுமேன்கள் கை தட்டுவார்கள். நினைத்த நேரத்தில் சுவரோரம் ஒதுங்கிவிட்டு வருகிறவர்கள் அவர்கள். தட்டுவதற்கு என்ன?

ஜெயவேல் அந்தப் பொன்னாடைகளை வீட்டுக்குக்கூட எடுத்துப் போகவில்லை. கேபின் சீட்டின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அதன்மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான். காலையில் அதன்மேல் நான் உட்கார வேண்டியிருக்கும். ஜரிகை குத்தும்.

நான் ஏறும்போது என் தோளில் ஒரு துணிப்பை தொங்கும். அதில் இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர், மூடி போட்ட பழைய எண்ணெய் கேன் ஒன்று. தண்ணீர் உள்ளே போவதற்கு, கேன் வெளியே வருவதற்கு. ஷிப்ட் முடிந்ததும் கேனை இறக்கி, யார்டுக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடையில் கொட்டி, கழுவிக் கவிழ்த்து வைப்பேன். அதற்காக யார்டு முழுக்க என்னைக் 'கேன் பாய்' என்று கூப்பிட்டது. பெயர் வைத்தவன் ஜெயவேல்.

"இன்னா கேன் பாய், இன்னிக்கி எத்தினி லிட்டரு கறந்த?" என்பான், ஷிப்ட் மாறும்போது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. நோன்பு மாதம் வந்தால் கேலி இரட்டிப்பாகும். "இப்ப மட்டும் பகல்ல தண்ணி இல்லாம எப்பிடி கீற?" நோன்பு திறந்ததிலிருந்து விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாடு வரை டாக்டர் சொன்ன அளவைக் கணக்காகக் குடிக்கிறேன் என்று அவனுக்கு விளக்க நான் மெனக்கெடவில்லை. விளக்கம் சொல்வதற்கு எதிரில் ஒரு மூளை இருக்க வேண்டும்.

எனக்கு இருபத்தாறு வயதில் கல் வந்தது. முதுகிலிருந்து தொடை இடுக்கு வரை அந்த வலி இறங்கியபோது, எங்கள் தண்டையார்பேட்டை வீட்டின் தரையில் புரண்டு புரண்டு அழுதேன். என் மனைவி இஷ்ரத் ஆட்டோவில் தூக்கிப் போட்டு, டோல்கேட் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் ரமாபாயிடம் கொண்டுபோனாள். கல் வெளியே வந்த பிறகு டாக்டர் என்னை விடவில்லை. கல் வந்தது போதாது, ஏன் வந்தது என்று தெரிய வேண்டும் என்றார். ஒரு நாள் முழுக்க, இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரையும் ஒரு கேனில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான். உடம்பு கழிக்கிற உப்புகள் எல்லோர் சிறுநீரிலும் இருக்கின்றன. தண்ணீர் போதாமல் சிறுநீர் கெட்டியானால் அவை கரையாமல் கட்டி சேரும். சிலருக்கு உடம்பின் பக்குவமே கொஞ்சம் மாறியிருக்கும். ஒருவனுக்குச் சுண்ணாம்புச் சத்து அதிகமாகக் கழியும், ஒருவனுக்குச் சிறுநீர் எப்போதும் அமிலமாக இருந்து யூரிக் ஆசிட் கல் கட்டும், இன்னொருவனுக்குக் கல்லைக் கட்டவிடாமல் தடுக்கிற சிட்ரேட் என்ற பொருள் குறைவாக இருக்கும். எனக்குச் சிட்ரேட் குறைவு. அதற்கு ஒரு சிரப், மூன்று வேளை, தண்ணீரில் கலந்து; சிறுநீரின் அமிலத்தையும் அது குறைக்குமாம். கூடவே எலுமிச்சை, உப்பைக் குறைப்பது, மூன்று லிட்டர் தண்ணீர். அன்றிலிருந்து ஐந்து வருடமாக எனக்குக் கல் இல்லை. இதைச் செய்யப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. சொன்னதைக் கேட்கிற காது இரண்டு இருந்தால் போதும்.

ஜெயவேலுக்கு அதுவரை இரண்டு முறை கல் வந்திருந்தது. முதல் முறை பீர் குடித்தான். பீர் கல்லை அடித்துக்கொண்டு போகும் என்று யாரோ ஒரு மேதை சொல்லியிருந்தான். இரண்டாவது முறை அவன் மனைவி அன்புக்கரசி வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொடுத்தாள். ஒரு வாரம் குடித்தான், வலி நின்றது, நிறுத்திவிட்டான். பாலில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பாலை விட்டான். பாலை விட்டால் கல் இன்னும் அதிகமாகும் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். ஈரல் வறுவலையும் கருவாட்டையும் மட்டும் அவன் விடவில்லை. அவற்றில் சுண்ணாம்பு இல்லையாம்.

மூன்றாவது கல் 2003 கோடையில். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணி லாரிக்குப் பின்னால் ஓடிய வருடம் அது.

"லாரி தண்ணிதாம்பா காரணம்," என்றான் ஜெயவேல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "கொடத்துக்கு அடில வெள்ளையா படியிதுல்ல, அதான் உள்ள போயி கல்லாவுது."

குடிக்காத தண்ணீரிலிருந்து அவனுக்குக் கல் வந்ததாம். இதையும் நான்கு பேர் தலையை ஆட்டிக் கேட்டார்கள்.

அன்புக்கரசி ஒருநாள் யார்டு வாசலுக்கே வந்துவிட்டாள். எம்.கே.பி. நகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை அவளுக்கு. நீல சேலையோடு, வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"பாய், உங்க டாக்டராண்ட இவர இட்டுனு போங்க. நான் சொன்னா கேக்க மாட்டேன்றாரு. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

அவளுக்காகத்தான் போனேன். டாக்டர் ரமாபாய் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார். இடது சிறுநீரகம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. பழைய கல் ஒன்று வலியே இல்லாமல் அடைத்து, அதைத் தின்று தீர்த்திருக்கிறது. வலது பக்கம் ஒரு சின்னக் கல், இன்னும் அடைக்கவில்லை.

"இருக்கிறது இந்த ஒண்ணுதான் ஜெயவேல். இதைக் காப்பாத்தணும். உங்களுக்கு ஏன் கல் கட்டுதுன்னு தெரிஞ்சா மருந்து தரலாம். ஒரு வேலை நாள்ல, காலையில முதல் மூத்திரத்தை விட்டுட்டு, மறுநாள் காலை வரைக்கும் ஒரு சொட்டு விடாம பிடிச்சுக் கொடுங்க. ரெண்டு லிட்டர் வந்தா நல்லது. கம்மியா வந்தாலும் பரவாயில்ல, இருக்கிறதைக் கொடுங்க."

வெள்ளை நிறத்தில் ஒரு ஐந்து லிட்டர் கேனை மேசைமேல் வைத்தார். ஜெயவேல் அதைத் தொடவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு லோடுமேன்கள் எதிரில் ஏணி ஏறுவதை அவன் நினைத்துப் பார்த்துவிட்டான். கடைசியில் நான்தான் அதைப் பையில் போட்டு அவன் கையில் திணித்தேன். எனக்குள் ஒரே குஷி.

அந்த வாரம் திங்கட்கிழமை, ஷிப்ட் மாறும்போது, ஜெயவேல் ஏணியடியில் வந்து நின்றான். கை நீட்டினான்.

"குடு மாமு. நான் கொட்டிட்றேன். நீ வூட்டுக்குக் கெளம்பு."

ஐந்து வருடம் கேலி பண்ணிய கேனை அவனே கேட்கிறான். டாக்டர் சொன்னது உறைத்து, மனுசன் கொஞ்சம் மாறிவிட்டான் போல என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமையும் கேட்டான். கொடுத்துவிட்டு வாசல் வரை போன பிறகுதான் டிபன் பாக்ஸை மறந்தது தெரிந்து திரும்பினேன்.

தகடு அடுக்குகளுக்குப் பின்னால் அவன் குந்தியிருந்தான். முன்னால் அந்த வெள்ளைக் கேன். அதன் அடியில் ஒரு டம்ளருக்குமேல் தேறாத அளவு, கடுங்காப்பி நிறத்தில் அவனுடைய சரக்கு. அதைச் சாக்கடையில் கவிழ்த்தான். பிறகு ஒரு புனலை வைத்து, நேற்று ஒரு பாட்டிலில் பத்திரப்படுத்திய என்னுடையதையும் இன்றைக்கு என் கேனில் இருந்ததையும், ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றுகிற பதமாக, சிந்தாமல் ஊற்றினான். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். இரண்டு லிட்டரைத் தாண்டியிருந்தது. அவன் முகத்தில் அத்தனை திருப்தி.

ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. சத்தம் வராமல் பின்வாங்கி, டிபன் பாக்ஸைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் நின்றபடி தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற ஆள் ஒதுங்கிப் போனான்.

வீட்டில் இஷ்ரத் மெஷினில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நான் ஏன் சொல்றேன்? தொர பெரிய ஆபரேட்டரு. மூத்திரத்துக்குக்கூட மானம் பாக்கறவரு. அனுபவிக்கட்டும்."

"அவருக்கு ஒரு பக்கந்தான் கீதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். அவனுக்கு எங்க புத்தி போச்சு?"

"அவருக்குப் புத்தி இல்ல, சரி. உங்களுக்கு கீதுல்ல?"

நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

பத்து நாள் கழித்து ஜெயவேல் ரிப்போர்ட்டை யார்டுக்கே கொண்டுவந்தான். அசோகன் படித்தார், லோடுமேன்கள் எட்டிப் பார்த்தார்கள். சிறுநீர் இரண்டே கால் லிட்டர். சிட்ரேட் தாராளம். அமிலம் கிடையாது. எல்லாம் அளவோடு. மருந்து எதுவும் தேவைப்படவில்லை, இதே மாதிரி தண்ணீர் குடியுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"பாத்தியா கேன் பாய்? நம்ம பாடி இரும்பு!" என்று மாரில் தட்டினான்.

என் சிரப், என் எலுமிச்சை, நான் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிப் பிடித்த தண்ணீர். அதற்கு அவன் மார் தட்டினான். அப்படி ஒரு முட்டாளை வாழ்நாளில் பார்த்ததில்லை என்ற சந்தோஷத்தை, பிடித்த மிட்டாயைச் சப்புவது மாதிரி, மாதக்கணக்கில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன். அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. ஐந்தாவது பொன்னாடையையும் வாங்கிக்கொண்டான். நானும் கை தட்டினேன். மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் அவன் போகவில்லை. ரிப்போர்ட் நன்றாக இருக்கும்போது எதற்குப் போக வேண்டும்?

பொங்கல் முடிந்த வாரம், ஒரு சாயங்காலம் நாலரை மணிக்கு அசோகன் எங்கள் தெருக் கடைக்குப் போன் பண்ணினார். கிரேன் நடுவில் நிற்கிறது, கொக்கியில் தகட்டுச் சுருள் ஒன்று, பெரிய காயில், தொங்குகிறது, ஜெயவேல் இறங்கவும் இல்லை, கூப்பிட்டால் பதிலும் இல்லை, உடனே வா.

போனபோது லோடுமேன்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சொன்னான், "ரெக்காடு பண்றாரு போல!" அவன் முகத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அப்புறம் அறையலாம் என்று ஏணியில் ஏறினேன்.

ஜெயவேல் சீட்டில் சுருண்டிருந்தான். முகம் அதைத்துப்போய், கண் இமைகள் வீங்கி, காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. கால் விரல்கள்கூட உப்பியிருந்தன.

"இன்னா ஆச்சு?"

"ரெண்டு நாளா ஒண்ணுக்கே வர்ல மாமு."

"ரெண்டு நாளா? ஏன்டா சொல்லல?"

"நல்லதுதானன்னு..." என்று இழுத்தான். "எறங்க வேணாமேன்னு நெனச்சிட்டேன்."

ஒன்றுக்கு வராததை ஒரு வசதி என்று நினைத்த மனிதன், உலகத்திலேயே எங்கள் யார்டில்தான் இருந்திருப்பான். வாய் வரை வந்த வசவை விழுங்கிவிட்டு, முதலில் காயிலைக் கீழே இறக்கினேன். பிறகு பொன்னாடைகளை உருவி, முறுக்கி, அவனை என் முதுகோடு சேர்த்துக் கட்டினேன். ஐம்பத்திரண்டு படி. அவன் தலை என் தோளில் கிடந்தது. பாதியில், "கேன் எங்க பாய்?" என்று உளறினான். கேபினில் கேன் இல்லை. அதை மத்தியானம் ஷிப்ட் முடிந்ததுமே நான் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதுகு வழியாகக் குழாய் போட்டார்கள். சீழ்தான் வந்தது. கல் அடைத்து, கிருமி ஏறி, இருந்த ஒரு சிறுநீரகமும் போய்விட்டது. நான்காம் நாள் டாக்டர் ரமாபாய் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்தார். வராண்டாவில் அன்புக்கரசியின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள எடுத்த கல்லு யூரிக் ஆசிட் கல்லும்மா. அமிலமான சிறுநீர்லதான் அது கட்டும். ஆனா இந்த ரிப்போர்ட்ல அமிலமே இல்ல. இருந்திருந்தா ஒரு சிரப் கொடுத்திருப்பேன், அந்தக் கல்லே கரைஞ்சிருக்கும். நான் எங்க தப்பு பண்ணேன்னு தெரியல. என்னை மன்னிச்சிடுங்க."

எந்தச் சிரப் என்று எனக்குக் கேட்கத் தேவையில்லை. அது என் வீட்டு அலமாரியில், இஷ்ரத்தின் நூல்கண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

யாரைப் பார்த்தும் தலை குனியாத அந்த டாக்டர், ஒரு ஆயாவின் எதிரில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"அது என்னோட மூத்திரம் டாக்டரம்மா," என்றேன். "ஜெயவேலு அவன்த கொட்டிட்டு என்த ஊத்திக் குடுத்தான்."

டாக்டர் நிமிர்ந்தார். அன்புக்கரசிதான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும் பாய்?"

"அன்னிக்கே."

அவள் அழவில்லை, திட்டவில்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வருடமாக ஜெயவேலை நான் பார்த்த பார்வை அது. வாங்கிக்கொள்ளும்போது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

இப்போது வாரம் இரண்டு நாள் ஜெயவேலுக்கு டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள். சிறுநீர் இல்லாததால் குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கி மூச்சை முட்டும். அதனால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான், சோற்றில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்து. ஒரு பாட்டிலில் நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்திருக்கிறாள் அன்புக்கரசி. அதிலிருந்து மருந்து மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுக்கிறாள். இந்த ஏப்ரல் வெயிலில், எம்.கே.பி. நகர் வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, அவன் நாக்கைச் சப்பிக்கொண்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். என் பாட்டிலை வாசலிலேயே, செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அவன் அதைப் பார்த்துவிடக் கூடாது. ஆனாலும் போனதும் முதல் கேள்வி அதுதான்.

"இன்னிக்கி எத்தினி லிட்டரு குட்ச்ச?"

"மூணு."

"எத்தினி போன?"

"ரெண்டே கால்."

கண்ணை மூடிக் கேட்டுக்கொள்கிறான். ஷிப்ட் மாறும்போது அவன் கேட்ட அதே கேள்வி. இப்போது அதில் கேலி இல்லை. "ஒரு வாய் குடேன் மாமு, அவளுக்குத் தெரியாம," என்கிறான் சில நாள். நான் முடியாது என்று தலையை ஆட்டுகிறேன். அவன் என்னைக் கஞ்சன் என்கிறான். அவனுக்கு எல்லாம் தெரியும், அன்புக்கரசி சொல்லிவிட்டாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

யாராவது வீட்டுக்கு வந்தால், அந்தத் தெருவில் எந்த வீடானாலும், முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். லாரி வராத நாளில்கூட வரும். அன்புக்கரசி எனக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போடுகிறாள், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைக்கிறாள். தண்ணீர் தருவதில்லை. வெயிலில் வந்த தொண்டை காய்ந்து கிடக்கும். நானும் கேட்பதில்லை.